பொடுதலைன்னு சொல்லி வெடேலியாங்கற வேற செடிய தலைல கட்டிட்டாங்க, வாங்கறவங்க பாத்து வாங்குங்க

சிவகங்கை பக்கம் எங்க வீடு, போர்ல தண்ணி கம்மி, வாசல்ல புல்லு வளத்தா கட்டுபடியாகாதுன்னு பொடுதலை போடலாம்னு முடிவு பண்ணோம். வேர் புடிச்சிட்டா வெயில் தாங்கும், தரையோட படரும், மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது, பொடிப் பூவுக்கு தேனீயும் குட்டி பட்டாம்பூச்சியும் வரும். மதுரை ரோட்டுல ஒரு நர்சரில கேட்டேன், வாட்ஸப்ல அசல் பொடுதலை போட்டோவத்தான் அனுப்புனாங்க. நாத்து ஒண்ணு 15 ரூபா, 300 நாத்து, 4500 ரூபா, வண்டி வாடகை 700 தனி. வந்தப்ப பூவே இல்ல, இலையெல்லாம் கத்தரிச்சு வெறும் தண்டா கவர்ல இருந்துச்சு, நட்டா தழைஞ்சிரும்னு சொன்னாங்க, நானும் நம்பி புரட்டாசில நட்டேன்.

தழைஞ்சது என்னமோ உண்மைதான். கார்த்திகைல பூ வந்துச்சு பாருங்க, மஞ்சக் கலர்ல, குட்டி சூரியகாந்தி மாதிரி. எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. போன் பண்ணா "மேடம் இது ஹைப்ரிட் பொடுதலை, மஞ்சளாத்தான் பூக்கும்"னு சொல்றாங்க. பொங்கலுக்கு ஊர்ல இருந்து வந்த எங்க அத்தை (மாமியார்) பாத்ததுமே, "ஏத்தா, இதையா பொடுதலைன்னு குடுத்தான்? நம்ம கண்மாய்க் கரையில சும்மா கெடக்கேத்தா பொடுதலை, அத அரைச்சு தொவையலே பண்ணித் தந்திருக்கேனே"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

இது வெடேலியா. மத்திய, தென் அமெரிக்கா பக்கத்துச் செடி, உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள்னு ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட பட்டியல்ல இதுவும் இருக்கு. கணுவுக்கு கணு வேர் விடும். பாத்ரூம் தண்ணி போற ஓரத்துல என் கனகாம்பரத்த முழுசா மூடிருச்சு. இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணின்னும் விக்கறாங்க, கீரைன்னு நம்பி சமைச்சிராதீங்க தயவுசெஞ்சு.

பொடுதலைக்கு இலை சின்னதா கரண்டி மாதிரி, அடில குறுகி மேல் பாதில மட்டும் பல்லு பல்லா இருக்கும். நீளக் காம்பு நுனில திப்பிலி மாதிரி ஒரு கொண்டை, அத சுத்தி வளையமா வெள்ளையும் லேசான ரோஸுமா பொடிப் பூ. வெடேலியா இலை பெருசு, பளபளன்னு, பெரும்பாலும் மூணு மடலா பிரிஞ்சிருக்கும். கத்தரிச்சு தந்தா இதெல்லாம் எங்க தெரியும், அதனால பூவோட காட்டாம யார்கிட்டயும் வாங்காதீங்க.

பணத்த திருப்பி கேட்டா செடிக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னுட்டாங்க, அப்புறம் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு சொல்லலாம்னு பாத்தா கைல பில் இல்ல, ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான், அதுல செடி பேரே இல்ல. செடி பேர் எழுதுன பில் கேட்டு வாங்குங்க, நான் கேக்காம விட்டேன்.

புடுங்க ரெண்டு ஆளு ரெண்டு நாள். புடுங்குனத ஓடையிலயோ குப்பைமேட்டுலயோ போட்றாதீங்க, அங்கயும் வேர் புடிச்சிரும், நாங்க மொட்டை மாடில தார்ப்பாய் விரிச்சு மொறுமொறுன்னு காயுற வரைக்கும் போட்டோம். அப்புறம் ஐப்பசி மழையோட அத்தை கண்மாய்க் கரையில இருந்து ஒரு சாக்கு பொடுதலை கொண்டு வந்தாங்க, ஒரு அடிக்கு ஒண்ணா நட்டு மழை இல்லாத நாள்ல மட்டும் தண்ணி ஊத்துனோம், இப்ப பாதி வாசல் மூடி பூவும் வந்தாச்சு. தேனீ நிறைய வருது, சின்னப் புள்ளைங்கள வெறுங்காலோட விடறதில்ல.

நேத்து கூட காம்பவுண்ட் ஓரத்துல வெடேலியா ரெண்டு கணு துளிர்த்திருந்துச்சு, வேரோட தோண்டி எடுத்தேன்.