மஞ்சக்குப்பத்து லேப்: ஊதா மூடி சரி, நீல மூடி சொதப்பல்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. போன மாதம் எதிர்வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்ததும் எங்கள் வீட்டிலும் பயம் பிடித்துக்கொண்டது, அந்த நேரம் பார்த்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேப் 'சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்ட்ரோக் பேக்கேஜ்' என்று நோட்டீஸ் கொடுக்க, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டேன். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறரை மணிக்கு என்றார்கள், அதற்கு முன்பே ரத்தம் எடுக்கும் லேப் தம்பி வாசலில் நின்றார். அப்பாவுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம், ஒரே குத்தில் எடுத்துவிட்டார். மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட் மதியத்துக்குள் வாட்ஸப்பில் வந்தது.

கோளாறு நீல மூடி டியூபில். ரத்தம் உறைவதைப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு அதற்குள் ஏற்கெனவே, ரத்தம் உறையாமல் தடுக்கிற சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், அந்தக் கணக்குக்காகத்தான் டியூபில் கோடு. தம்பி சர்க்கரை டெஸ்ட்டுக்கான ஊதா, சாம்பல் மூடி டியூப் இரண்டையும் நிரப்பிவிட்டு, சிரிஞ்சில் மிச்சம் இருந்ததை நீலத்தில் விட்டார். கோட்டுக்குப் பாதிகூட வரவில்லை.

"தம்பி, இது போதுமா?"

"போதும் சார், இதிலேயே பார்த்துடுவாங்க."

பார்த்தார்கள். ரத்தம் உறைய அதிக நேரம் ஆகிறது என்று வந்தது. சிட்ரேட் மிஞ்சினால் அப்படித்தான் வரும். அப்பாவோ, "ரத்தம் தண்ணியா இருக்கு, எனக்கு அடைப்பெல்லாம் வராது" என்று அன்று ராத்திரி ஒரு ஜாங்கிரியை உள்ளே தள்ளிவிட்டார்.

போன் போட்டுக் கத்தியபிறகு, மறுநாள் சீனியர் அக்கா ஒருவர் வந்து நீலத்தை முதலில், கோடு வரை நிரப்பினார். காசு கேட்கவில்லை. இந்தத் தடவை ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவுகிற ஒரு புரதம்) 430. அவர்கள் அளவு 200 முதல் 400. கீழே சிவப்பில் 'ஸ்ட்ரோக் அபாயம் அதிகம்'. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃபைப்ரினோஜன், எட்டாம் காரணி, வான் வில்லிபிராண்ட் காரணி என்று ரத்தம் உறைய உதவுகிற புரதங்கள் எல்லாம் கூடுதலாக இருப்பது வழக்கம், உறைந்த ரத்தம் கரைவதும் மந்தப்படும், அதெல்லாம் உண்மை. ஆனால் சளி, ஈறு வீக்கம், ஆறாத புண் எது இருந்தாலும் ஃபைப்ரினோஜன் ஏறும். அப்பா அந்த வாரம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார், ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒற்றை நம்பரை வைத்து ஒரு மனுஷனுக்கு ஸ்ட்ரோக் வருமா வராதா என்று எப்படிச் சொல்கிறார்களோ!

பாண்டிச்சேரி டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு பிரஷர் பார்த்தார். 158க்கு 94. "முதல்ல இதைக் குறைப்போம், கருவாடு ஊறுகாயை விடுங்க, இருமல் போனப்புறம் மத்தது பார்க்கலாம்" என்றார். பிரஷர் பார்ப்பது அந்தப் பேக்கேஜிலேயே கிடையாது.

சாதாரணச் சர்க்கரை டெஸ்ட்டுக்கு இதே லேப்தான், தாராளமாகக் கூப்பிடலாம். ஸ்ட்ரோக் பேக்கேஜ் தண்டம். டாக்டரே உறைதல் டெஸ்ட் எழுதிக்கொடுத்தால் மட்டும் அந்த அக்காவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கோடு வரை நிரம்புகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.