பழைய காரின் ஒளிந்தெழும் விளக்குகளை மின்மோட்டாருக்கு மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

செங்கோட்டை, தென்காசி, புனலூர் வட்டாரத்தில் பழைய கார்களை ஆசையாகப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பணிமனையில், எங்கள் குடும்பத்தின் 1967ஆம் ஆண்டு லோட்டஸ் எலான் காரின் ஹெட்லைட்டுகளை மின்மோட்டாரில் இயங்கும்படி மாற்றக் கொடுத்தோம். 65,000 ரூபாயும் போயிற்று. காரோடு பிறந்த அசல் பாகங்களும் போயின. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பணிமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்த வேலை எப்படிச் செய்யப்பட்டிருந்தது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இந்தக் காரில் விளக்குகள் பகலில் பானட்டோடு படிந்து கிடக்கும், தேவைப்படும்போது மேலெழும்பும். அப்படித் தூக்குவது மின்சாரம் அல்ல, என்ஜின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் குழாயில் உண்டாகும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கத் தனித் தொட்டி கிடையாது. காரின் அடிச்சட்டமான சேசிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டமே உள்ளீடற்ற தொட்டியாக அமைக்கப்பட்டிருக்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போகும் என்பதால், சேமித்தது திரும்ப ஓடிவிடாதபடி ஒருவழி வால்வு ஒன்றும் உண்டு. ரப்பர் குழாயோ, வால்வோ, விளக்கைத் தூக்கும் வேக்குவம் டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வோ கசிந்தால், ஏற்றத்தில் விளக்குகள் மெல்லத் தாழ்ந்துவிடும். எங்கள் காரில் நடந்தது அதுதான். ஆரியங்காவு மலைப்பாதையில் இரவில் போய் வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பணிமனை உரிமையாளர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சேசிஸ் தொட்டி உள்ளே துருப்பிடிச்சுப் போச்சு. இந்த வேக்குவம் ஏற்பாட்டுக்கு இனிமே ஸ்பேரும் கிடைக்காது. மோட்டார் வெச்சுத் தாரேன், ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை" என்றார். இவற்றில் ஒன்றும் உண்மையில்லை என்பது பின்னால் தெரிந்தது. இந்தக் காருக்கான வேக்குவம் பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே விற்கிறார்கள். தொட்டியின் நிலையைப் பின்னால் சொல்கிறேன்.

மின்மோட்டாருக்கு மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் அது நல்ல மாற்றம்தான். விளக்கு எழும்பி முடிந்ததும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் லிமிட் சுவிட்ச், பெரிய மின்சுமையைச் சுவிட்சின் மேல் ஏற்றாமல் தானே தாங்கும் ரிலே, ஃப்யூஸ் ஆகியவற்றோடு, ஹெட்லைட்டுக்கென்றே தயாரான மோட்டார்களைப் பொருத்தித் தருவதாகவும், கழற்றும் பழைய பாகங்களை அப்படியே திருப்பித் தருவதாகவும் அவர் ஒப்புக்கொண்டது வாட்ஸ்அப் செய்தியில் இருக்கிறது. பணம் முழுவதும் வாங்கிக்கொண்டு நடுப்பகலில் காரை ஒப்படைத்தார்கள். முற்றத்தில் சுவிட்சைப் போட்டுக் காட்டியபோது இரண்டு விளக்குகளும் அழகாக ஏறி இறங்கின. பழைய பாகங்கள் குடோனில் இருப்பதாகவும், மறுவாரம் கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார்கள்.

அதன்பின் ஒரு நாள், தென்மலையிலிருந்து இருட்டில் திரும்பி, கோட்டைவாசலைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்து, அடுத்த நொடியே இரண்டு விளக்குகளும் ஒருசேர அணைந்தன. எதிரே மரத்தடி ஏற்றிய லாரி, பக்கத்தில் பள்ளம். லாரி ஓட்டுநர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தம் வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டை எரியவிட்டதால்தான், அந்த வெளிச்சத்தில் காரை ஓரம் கட்ட முடிந்தது.

மறுநாள் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியதை நிதானமாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தவை ஏதோ ஒரு காரின் கதவிலிருந்து கழற்றிய பழைய பவர் விண்டோ மோட்டார்கள். கண்ணாடி மேலே போய்ச் சேர்ந்ததும் நாம் விரலை எடுத்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட மோட்டார் அது. இங்கேயோ, போட்டால் போட்டபடியே நிற்கும் சுவிட்சை வைத்திருந்தார்கள். லிமிட் சுவிட்ச் இல்லவே இல்லை. ஆகவே விளக்கு முழுதாக எழும்பிய பின்னும், நகர இடமில்லாத மோட்டார், சுவிட்ச் மேலே இருக்கும் வரை மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சுழலும் மோட்டாரைவிடச் சுழல முடியாமல் நிற்கும் மோட்டார்தான் பல மடங்கு கரண்ட் எடுக்கும். முற்றத்தில் ஒரு நிமிடம் போட்டுக் காட்டியபோது தெரியாத இந்தக் குறை, மலைப்பாதை முழுவதும் விளக்கோடு வந்தபோது வெளிப்பட்டது.

அந்த மோட்டார்களுக்கான மின்சாரத்தை, ரிலே எதுவும் வைக்காமல், ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகும் பழைய வயரிலேயே ஒட்டுப்போட்டு எடுத்திருந்தார்கள். 60 வாட் பல்புகள் இரண்டு எரிந்தாலே 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஆகிவிடும். அதற்கு மேல் நின்றுபோன மோட்டார்களின் சுமையும் சேர்ந்தால், ஐம்பது வயது கடந்த மெல்லிய வயர் என்னதான் செய்யும்? அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட் சுற்றுக்கு ஃப்யூஸே கிடையாது, இவர்களும் வைக்கவில்லை.

வலப்பக்க விளக்குக்குப் பின்னால் ஒரு சிறு ஓட்டை இருந்தது. அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் சுரண்டப்பட்டிருந்தது. எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, எடுப்பதற்காக அங்கே திருகாணி போட்டிருக்கிறார்கள். எலானின் உடல் இரும்பு அல்ல, ஃபைபர் கிளாஸ்! அதில் எர்த் எங்கிருந்து வரும்? மோட்டார் ஓடவில்லை என்று கண்டதும், அந்தத் திருகாணியைக் கழற்றி எறிந்துவிட்டு, பார்க்கிங் விளக்கின் நூல்போன்ற எர்த் வயரோடு மோட்டாரின் வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த டேப் உருகி விரலில் பசையாக ஒட்டியது. இந்த உடலில் தீப்பிடித்தால் அணைப்பது எளிதல்ல என்பதை எண்ணும்போது இப்போதும் நடுக்கமாக இருக்கிறது. தாம் தொடும் வண்டி எதனால் ஆனது என்றுகூடப் பார்க்காதவர்கள் அதில் கைவைத்திருக்கிறார்கள்.

கடைசியாக எங்கள் எலக்ட்ரீஷியன், குறுக்குச் சட்டத்துக் குழாயில் அளவுமானி உள்ள கைப்பம்பைப் பொருத்தி வெற்றிடம் ஏற்றிப் பார்த்தார். முள் இறங்கவே இல்லை. துருப்பிடித்துப் போனதாகச் சொல்லப்பட்ட தொட்டி முழு நலத்தோடு இருந்தது. குழாய்களையும் வால்வையும் மாற்றிப் பார்த்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

பணிமனைக்குப் போய்க் கேட்டபோது, "பழசெல்லாம் ஆக்ரிக்குப் போட்டாச்சு அண்ணாச்சி" என்ற பதில்தான் கிடைத்தது. எங்களுக்குத் தெரிந்த எந்தப் பழைய இரும்புக்கடைக்கும் அவை வந்து சேரவில்லை. கொடுத்த ரசீதும் ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு.

எல்லை ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேலை கேரளத்தில் நடந்தால் வழக்கையும் அங்கேதான் போட வேண்டும் என்று பலர் எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி கேட்க 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள், வங்கிக் கணக்கில் பணம் அனுப்பிய விவரம், பிரித்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றை வைத்தே நாங்கள் புகாரைக் கொடுத்தோம்.

இதே வேலையை வேறிடத்தில் கொடுப்பவர்கள், காரை எடுக்கும் முன் பானட்டைத் திறந்து, விளக்கு எழும்பி நின்ற பின் மோட்டாரில் மின்சாரம் நிற்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் வயர் சேசிஸுக்கோ பேட்டரிக்கோ நேராகப் போகிறதா என்று கையால் தொடர்ந்து பாருங்கள். 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் மோட்டாரில், மின்சாரம் போனாலும் கையால் திருகி விளக்கைத் தூக்க ஒரு குமிழ் உண்டு. அத்தகைய வசதி இல்லாத மோட்டாரை ஏற்காதீர்கள். பழைய பாகங்கள் உங்கள் டிக்கியில் ஏறிய பின்பே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் காரிலிருந்து கழற்றியவை, விளக்குக்கு ஒன்றாக இரண்டு வேக்குவம் டப்பாக்கள். அவற்றில் ஒன்றின் விளிம்பில், பெரியப்பா பித்தளையால் பற்றவைத்த தழும்பு இருக்கும். கொல்லம், திருவனந்தபுரம், நாகர்கோவில் பக்கம் யாராவது அவற்றை விற்க வந்தால், வாங்காமல் ஒரு படம் எடுத்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.