அசோக் நகரா, உறையூரா: ஓய்வுக்குப் பிறகு எங்கே இருப்பது?

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், காபி கொடுத்தார்கள், அப்புறம் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்வி: "ஊருக்குப் போறீங்களா, சென்னையிலேயே இருக்கப் போறீங்களா?" எனக்கு ஊர் திருச்சி. இருந்தது அசோக் நகரில், 1996-ல் கடன் போட்டு வாங்கிய இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில். ஒன்றரை வருஷம் மனைவியும் நானும் இதைப் பேசிப் பேசி ஓய்ந்தோம். இப்போது திருச்சி உறையூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். "சின்ன ஊரில் செலவு பாதி" என்பவர்கள் கணக்கு எழுதிப் பார்க்காதவர்கள். ஆவின் பாக்கெட் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை. மின்கட்டண விகிதமும் ஒன்றுதான், முதல் 100 யூனிட் இலவசம் உட்பட. இன்னும் சொன்னால் திருச்சியில் கரண்ட் பில் கூடுதலாகவே வருகிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது சாயங்காலம் கடல்காற்று வரும் என்று இங்கே யாரும் காத்திருக்க முடியாது. மளிகையும் மருந்தும் எங்கே வாங்கினாலும் அதே எம்.ஆர்.பி.தான். போக்குவரத்தில் சென்னைக்கே என் ஓட்டு. 2015-ல் அசோக் நகருக்கு மெட்ரோ வந்ததில் இருந்து ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் வேலை பாதி குறைந்திருந்தது.

வித்தியாசம் வீட்டில்தான். அதிலும் வீட்டின் விலையை நான் சொல்லவில்லை, கட்டடத்தின் வயதைச் சொல்கிறேன். ஓய்வுக்காலக் கணக்குப் போடுகிற எல்லாரும் பென்ஷன், வட்டி, மருத்துவக் காப்பீடு என்று எழுதுகிறார்கள். நமக்கு எழுபத்தைந்து ஆகும்போது கட்டடத்துக்கு என்ன வயது என்று யாரும் எழுதுவதில்லை. எங்களுடையது தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும், மொத்தம் 12 வீடுகள், லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. முப்பத்தைந்து வயதில் வாங்கியபோது "காற்று நல்லா வரும்" என்று சந்தோஷமாகத்தான் வாங்கினேன்.

2018-ல் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. 108-க்குப் போன் செய்தோம், சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, என் வேட்டியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆம்புலன்ஸ்காரர் இருவர், வாட்ச்மேன், கீழே இஸ்திரி போடும் தம்பி என நாலு பேர் இறக்கினார்கள். அந்த மூச்சிலும் அம்மா சொன்னது, "நாற்காலி உடைஞ்சிடப் போகுதுடா." ஒன்பது நாள் கழித்து அதே நாற்காலியில் மேலே ஏற்றினோம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அம்மா கீழே இறங்கவே இல்லை. கோயில், கல்யாணம், எதற்கும். கடைசியாக இறங்கியதும் தானாக இல்லை.

லிஃப்ட் போடலாம் என்று அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று முறை பேசினேன். தரைத்தளத்தார் "எங்களுக்கு எதுக்கு சார் லிஃப்ட்?" என்றார்கள். நியாயம்தானே. முதல் மாடிக்காரர் பாதிப் பங்கு தருவதாகச் சொன்னார். லிஃப்டுக்கு இடம் விடவேண்டுமானால் ஒருவருடைய கார் நிறுத்துமிடம் போகும். அவர் அமெரிக்காவில் இருக்கிறார், வாட்ஸப்பில் இரண்டு நீல டிக் மட்டும் வரும். இதற்குள் கட்டடமும் தன் வயதைக் காட்ட ஆரம்பித்தது. சன்ஷேடு அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது. போர் தண்ணீரின் உப்பில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக சம்ப் மூடியைத் திறந்துவைத்து ராத்திரியில் காத்திருந்தது தனிக்கதை. மாதம் 3,000 ரூபாய் மெயின்டெனன்ஸ் தவிர, ஒரு தடவை பெரிய ரிப்பேர் என்று வீட்டுக்கு 1,40,000 ரூபாய் வசூலித்தார்கள். இரண்டே மழைக்காலம், மறுபடி கசிவு.

அப்போதுதான் பில்டர்கள் வந்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி, கொஞ்சம் பெரிய வீடாக, லிஃப்டோடு தருகிறோம் என்றார்கள். முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலே எல்லாம் நின்றுவிடும். 2022-ல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எங்கள் 12 வீட்டில் எட்டு கையெழுத்து வேண்டும். ஆனால் இரண்டு வீடுகளில் உரிமையாளர் காலமாகி, வாரிசுச் சான்றிதழ் வாங்கியும் பாகம் பிரியவில்லை. கையெழுத்து விழுந்தாலும் இடிக்க, கட்ட இரண்டு வருஷத்துக்குக் குறையாது. அதுவரை வேறு வாடகை வீடு, அப்புறம் திரும்பி வருவது. அறுபத்தெட்டு, எழுபது வயதில் இரண்டு முறை சாமான் கட்ட வேண்டும். இதை நோட்டில் எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது: எப்படியும் வாடகை வீட்டுக்குப் போகத்தான் போகிறோம். முழங்கால் நன்றாக இருக்கும்போதே, நாமே இடம் பார்த்துப் போனால் என்ன?

உறையூர் வீடு தரைத்தளம். வாசலில் இரண்டே படி, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. வாடகை 11,000. அசோக் நகர் ஃப்ளாட்டில் இப்போது ஐ.டி. வேலையில் இருக்கும் இளம் தம்பதி 23,000 தருகிறார்கள். மெயின்டெனன்ஸும் சொத்துவரியும் போக, இந்த வாடகையைக் கட்டிவிட்டு மிச்சமும் இருக்கிறது. சென்னையில் சொந்த வீட்டில் "வாடகை இல்லாமல்" இருந்தபோது அந்த 23,000-ஐ மாதாமாதம் நானேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வங்கியில் முப்பது வருஷம் வீட்டுக்கடன் பார்த்தவனுக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போனது கொஞ்சம் வெட்கம்தான்.

"வித்துட்டே போயிருக்கலாமே" என்றார் நண்பர். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வருகிறது, ஃப்ளாட்டின் விலையில் பாதிகூட இல்லாத தொகைக்கு. கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் விற்றவன் சென்னைக்குத் திரும்ப வேண்டுமென்றால் புது விலையும் கொடுத்து, அதற்கு மேல் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என ஒன்பது சதவீதமும் கட்ட வேண்டும். திரும்ப வேண்டி வராது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை.

தில்லைநகர் இங்கிருந்து நடக்கிற தூரம். ஒவ்வொரு கிராஸிலும் நாலு டாக்டர் போர்டு, அதற்கு எதிரே ஸ்கேன் சென்டர், பக்கத்தில் மருந்துக்கடை. சென்னையில் எலும்பு டாக்டரைப் பார்க்க அரை நாள் போகும், இங்கே சாயங்காலக் காபிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சமயபுரம், ஸ்ரீரங்கம் எல்லாம் விருந்தாளி வரும்போதுதான். வெக்காளியம்மன் கோயில் மட்டும் வாராவாரம். கூரையில்லாத சந்நிதி, அம்மன் வெயிலையும் மழையையும் நேராக வாங்கிக்கொள்கிறாள். திருச்சி வெயிலைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் மனைவி அங்கே கைகாட்டுகிறாள்.

ஆனால் அவளுக்கு இந்த மாற்றத்தில் முழுத் திருப்தி என்று சொன்னால் பொய். சிவன் பார்க்கில் இருபது வருஷமாகக் கூட நடந்த ஆறு பெண்கள், அதில் ஒருத்தியின் வீட்டில் வெள்ளிக்கிழமை பஜனை. அதை எந்த ஆட்டோவிலும் ஏற்றிக்கொண்டு வர முடியவில்லை. நான் "சொந்த ஊர், ஆள் பழக்கம் இருக்கும்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். வந்து பார்த்தால் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் குரோம்பேட்டையிலும் பள்ளிக்கரணையிலும் இருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம், அது எந்தத் தம்பதிக்கும் நல்லதில்லை. இப்போது டிசம்பரில் பதினைந்து நாள் அவள் தங்கை வீட்டில், நங்கநல்லூரில். வந்தே பாரத்தில் நாலு மணி நேரச் சொச்சம். ரயிலில் முதியோர் சலுகையை 2020-ல் நிறுத்தியதை மட்டும் ஒவ்வொரு டிக்கெட்டின் போதும் நினைத்துக்கொள்கிறேன்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. இங்கே வந்து எனக்கு ஒரு கண்புரை ஆபரேஷன், அவளுக்கு ஒரு டெங்கு. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. அதை வைத்து, பெரிய இதய நோய்க்கும் நாள்பட்ட டயாலிசிஸுக்கும் திருச்சி போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒரு சென்னை மருத்துவமனையில் தொடர் சிகிச்சையில் இருப்பவர் என்னைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது இந்த ஊர் எப்படியிருக்கும் என்பதும் தெரியாது. லிஃப்ட் உள்ள புதுக் கட்டடத்தில், தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் என்றால், அப்போது சென்னையே சரியாக இருக்கலாம். வாடகை வீட்டில் இன்னொரு பயம், வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று ஒருநாள் சொல்வார்.

நடுவில் கோவைப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றையும் பார்த்தோம். சுத்தம், சாப்பாடு, நர்ஸ், எல்லாம் இருந்தது. ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டு மணி அடித்தார்கள். மனைவி என்னைப் பார்த்தாள், கிளம்பிவிட்டோம்.

அசோக் நகர் கட்டடத்தில் இதுவரை ஏழு கையெழுத்து ஆகியிருக்கிறது. எட்டாவது, அந்தக் கார் நிறுத்துமிடக்காரர். குடியிருக்கும் தம்பதி போன மாதம் போன் செய்தார்கள், நாற்காலி ஒன்று பால்கனியில் பழசாகக் கிடக்கிறது, போட்டுவிடலாமா என்று. வேண்டாம், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.