பெயர் ஒட்டாத நீலப் பாட்டில்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் பவளத் தொட்டி வைத்து, அதைப் பராமரிக்க மாதச் சம்பளம் போல ஒருவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், முதலில் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயர் ஒட்டாத பாட்டிலோ பொட்டலமோ இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் பதில் வரும்வரை ஒரு சொட்டும் தண்ணீரில் விழக் கூடாது. என் தொட்டியில் விழுந்தது. இறால்கள், நத்தைகள், பெரும்பாலான மென்பவளங்கள் எல்லாம் போயின. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தொட்டியைப் பராமரித்தவர் ஒரு மீன் கடைக்காரர். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் ஒன்றா என்று கேட்காதீர்கள். இல்லை. வண்ணமீன் வாங்க அங்கே போகும் எவருக்கும் தெரியும், "இந்த மீன் உங்கள் தொட்டிக்கு ஒத்துவராது, வேண்டாம்" என்று வியாபாரத்தையே விட்டுக்கொடுக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். நான் சொல்லும் மனிதருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒப்பந்தம் எளிமையானது. அவர் வந்து கண்ணாடி துடைப்பார், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் கழுவுவார், கலந்து எடுத்துவந்த உப்புத் தண்ணீரை மாற்றுவார். ஆவியாகும் நீருக்கு ஈடாக "ஜீரோ டி.டி.எஸ்.", அதாவது கரைந்த உப்புகள் ஏதும் இல்லாத தண்ணீர் என்று கேன் கணக்கில் தனியாகப் பணம். பிறகு பாறைகளில் பச்சை முடிப்பாசி வந்தது. இது எந்தத் தொட்டியிலும் வரக்கூடியதுதான். அதற்கு அவர், பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையும், அதைப் போட ஒரு ரியாக்டரும் விற்றார். கொஞ்ச நாளில் நைட்ரேட்டைக் குறைக்க ஒரு பாக்டீரியா திரவம். பாசி குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஒரு முறைகூட அவர் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. கேட்டால், "எத்தனை தொட்டி பார்த்திருக்கிறேன் சார், கண்ணால் பார்த்தாலே தெரியும்" என்பார். பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், அதைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் தெளிவாகத்தான் இருக்கும். எந்தக் கண்ணுக்கு இது தெரியும்?

முடிப்பாசி போன இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒன்று வந்தது. சளி ஒழுகுவது போல இழை இழையாகத் தொங்கும்; ஒவ்வொரு இழையின் நுனியிலும் காற்றுக் குமிழ். விளக்கு அணைந்த பிறகு பாதி காணாமல் போகும், மறுநாள் விளக்கு எரிந்த சில மணி நேரத்தில் மீண்டும் மணல் முழுவதும் மூடும். தண்ணீர் மாற்றிய மறுநாள் இன்னும் கொழுத்திருக்கும். அவருக்கு அதுவும் "பாசி" தான். மீனுக்கு உணவு அதிகம் போடுகிறீர்கள் என்றார். குருணையை இரட்டிப்பாக்கினார், தண்ணீர் மாற்றுவதையும் இரட்டிப்பாக்கினார், கட்டணமும் கூடவே ஏறியது. நத்தைகள் மல்லாந்து விழுந்து செத்தன. செத்த நத்தைகளுக்குப் பதிலாகப் புது நத்தைகளை விற்றார், அவையும் செத்தன.

அது டைனோபிளாஜெல்லேட். தொட்டிக்காரர்கள் சுருக்கமாக டைனோ என்பார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொடும்போது மற்றப் பாசிகளும் நல்ல பாக்டீரியாக்களும் பட்டினியில் ஒடுங்க, காலியான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. இதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். அவற்றை மேயும் நத்தைகள் அதனால்தான் சாகின்றன. முடிப்பாசிக்கு எது மருந்தோ அதுவே டைனோவுக்கு உரம். அவர் விற்ற குருணையும் திரவமும் இந்த நிலைக்குத் தொட்டியைக் கொண்டுவந்தன, அதற்கு மேல் அவர் செய்த ஒவ்வொன்றும் அதை அங்கேயே நிறுத்தி வைத்தது.

அடுத்து ஜிப் கவரில் வெள்ளைப் பொடி வந்தது, "சிவப்புச் சளிப் பாசிக்கு" என்று. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, "எரித்ரோமைசின்தான் சார், மனிதர்களே சாப்பிடுவது" என்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் விற்கக் கூடாத ஆன்டிபயாடிக்கை மீன் கடைக்காரர் பெயர் கூட எழுதாமல் கவரில் போட்டு விற்கிறார். சயனோபாக்டீரியா என்கிற சிவப்புச் சளி உண்மையில் பாக்டீரியா, அதனால் அதற்கு இந்த மருந்து வேலை செய்யும். சயனோ கம்பளிபோல ஒட்டுமொத்தமாக உரிந்து வரும், இழையாகத் தொங்காது. அந்த வேறுபாட்டைப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. டைனோ பாக்டீரியா அல்ல. பொடி போட்ட மறுநாள் காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன, தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கியிருந்தது. பழுப்புச் சளிக்கு ஒரு குறையும் இல்லை. போட்டிக்கு இருந்த பாக்டீரியாவும் குறைந்ததில் அது தழைத்தது.

கோயம்புத்தூரில் பல வருடங்களாகப் பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒரு சோதனை சொன்னார். செலவே இல்லாதது, எல்லோரும் செய்யலாம். அந்தச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் எடுத்து, இழைகள் முழுக்க உடையும்வரை நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் காகிதத்தில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் விளக்கின் கீழ் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தெளிந்த நீரில் மீண்டும் இழைகள் கூடினால் அது டைனோதான். எனக்குக் கூடியது. எங்கள் குடியிருப்பில் விலங்கியல் படிக்கும் ஒரு பெண் தன் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பார்த்துச் சொன்னாள்: கண்ணீர்த்துளி வடிவச் செல்கள், ஒரு முனையில் கட்டிவைத்தது போலச் சுழல்கின்றன என்று. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் வகையின் அடையாளம் அது. இரவில் நீரில் மிதக்கும் வகை என்பதால், தன் வழியே ஓடும் நீரில் உள்ளவற்றைக் கொல்லும் புற ஊதா விளக்கு இதற்குப் பலன் தரும். மணலிலேயே தங்கும் ஆம்ஃபிடினியமாக இருந்தால் அந்த விளக்கு வாங்கும் காசு வீண். ஆக, வகை தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது.

அன்றே அளந்தபோது நைட்ரேட்டும் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். குருணையை நிறுத்தினேன். கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: இது டைனோ, தண்ணீர் மாற்ற வேண்டாம், எந்த மருந்தும் வேண்டாம், இந்த மாதம் வரவே வேண்டாம். செய்தியைப் படித்ததற்கான நீலக் குறியும் இருக்கிறது. பதிலுக்கு அவரே அழைத்து, "இணையத்தில் படித்துவிட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் சார்" என்று சிரித்தார்.

நான் அலுவலகத்தில் இருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். "சாரிடம் பேசிவிட்டேன் அம்மா" என்று என் தாயாரிடம் சொல்லிவிட்டு, நீல நிறத் திரவத்தை ஊற்றிவிட்டு, மீதியை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாலையில் நான் வந்தபோது இறால்கள் பக்கவாட்டில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தன. சீனியா என்னும் மென்பவளம் உருகிப் பாறையோடு ஒட்டியிருந்தது. பவளத்தின் உறவினமான ஜோவாந்தஸ்கள் இறுக மூடியிருந்தன. பெரும்பாலானவை பிறகு திறக்கவே இல்லை. தொலைபேசியில் கேட்டால், "ஜப்பான் சரக்கு சார், பெரிய கேனில் வருகிறது, நாங்கள் பிரித்துத் தருகிறோம்."

தாமிரம் அளக்கும் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் தாமிரம். பாட்டிலில் மீதியிருந்த சில சொட்டுகளை நல்ல தண்ணீரில் கலந்து பார்த்தால் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. குளத்துப் பாசிக்குப் போடும் மயில்துத்தச் (தாமிர சல்பேட்) சரக்கு அது. நன்னீர்க் குளத்துக்கு அதை அளந்து போடலாம். மீன்களும் அளவான தாமிரத்தைத் தாங்கும், கடல் மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குத் தனித் தொட்டியில் வைத்துத் தாமிரம் கொடுப்பதே வழக்கம். ஆனால் இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லாதவற்றுக்கு அது விஷம். இப்படிப்பட்ட மருந்துகளின் உறையில் இந்த எச்சரிக்கையைத்தான் அச்சடித்திருப்பார்கள். பிரித்து ஊற்றி விற்கும்போது முதலில் காணாமல் போவது அந்த உறை. இன்னொரு கொடுமை, சுண்ணாம்புப் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும். தண்ணீரை மாற்றினால் தீரும் சங்கதி அல்ல.

இதைச் சொன்னதும் அவர் கொடுத்த யோசனை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பாறைகளை எடுத்துப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைக்கச் சொன்னார். ஜோவாந்தஸ் ஒட்டியிருக்கும் பாறையை யாரும், எந்தக் காரணத்துக்காகவும், வீட்டு அடுப்பில் கொதிக்க வைக்காதீர்கள். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது, ஆவியோடு அது மூச்சில் ஏறும். இப்படிச் செய்து வீட்டில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வென்னீர் ஊற்றித் தேய்ப்பதும் இதே கதைதான். என் தாயார் இருக்கும் சமையலறையில் இதைச் செய்யச் சொன்ன மனிதரோடு அதற்கு மேல் மரியாதையாகப் பேச எனக்கு வரவில்லை.

பிறகு சமாதானத்துக்கு வந்தார். "ராமேசுவரம் பக்கத்துச் சரக்கு, அசல் லைவ் ராக், பாதி விலைக்குத் தருகிறேன்." லைவ் ராக் என்பது நுண்ணுயிர்கள் வாழும் பவளப் பாறை. ராமேசுவரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அங்கிருந்து எடுத்த பவளப் பாறையை விற்பவர் மட்டும் அல்ல, வீட்டில் வைத்திருப்பவரும் வழக்கில் மாட்டுவார். அரை விலை என்றாலும் இனாம் என்றாலும் வாங்காதீர்கள்.

"ஜீரோ டி.டி.எஸ்." கேன்களையும் அளந்தேன். டி.டி.எஸ். அளக்கும் மீட்டர் பேனா 140 காட்டியது. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைச் சிறிது கலக்கும் திருகு உண்டு. அப்படிப் பிடித்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். பவளத் தொட்டிக்கு வேண்டியது அதற்குப் பிறகு அயனி நீக்கும் ரெசின் வழியாகவும் வந்த தண்ணீர். முதன்முதலில் வந்த முடிப்பாசிக்கே இந்தக் கேன் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தப் பேனா சில நூறு ரூபாய்தான். கேன் வாசலில் இறங்கும்போதே முக்கி எடுத்துப் பாருங்கள்.

எதற்கும் ரசீது கொடுக்கவில்லை. ஆனால் யு.பி.ஐ. கட்டணப் பதிவுகள், வாட்ஸ்அப் செய்திகள், மீதமிருந்த பாட்டில், பரிசோதனைப் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் கோபத்தில் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

உயிர் மிஞ்சிய சில பவளங்கள் இப்போது நண்பரின் தொட்டியில் இருக்கின்றன. என்னுடையதில் கரித்தூளும் தாமிரம் உறிஞ்சும் ரெசினும் ஓடுகின்றன. நைட்ரேட்டை லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் வைத்து, பாஸ்பேட்டையும் 0.1 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றி, புற ஊதா விளக்கும் போட்ட பிறகு பழுப்புச் சளி மெல்ல விலகியது. ஆனால் தாமிரம் இறங்கும்வரை இது மீன் தொட்டி மட்டுமே.

கடைசியாக ஒன்று. கடையில் வைத்துச் சுத்தம் செய்து தருகிறேன் என்று என் பாறைகளில் ஒரு பகுதியை அவர் எடுத்துப் போனார். திருப்பித் தரவில்லை, கேட்டால் விற்றுவிட்டதாகச் சொல்கிறார். அவை தாமிரம் குடித்த பாறைகள். சென்னையில் யாராவது உங்களுக்குப் பழைய லைவ் ராக் மலிவாகக் கொடுத்தால், தொட்டியில் இறக்குவதற்கு முன் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தாமிர டெஸ்ட் கிட்டில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள்.