சுமோவா, கார்லாவா, விஆர் ஹெட்செட்டா? மதுரைக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஓர் அலசல்

மின்சாரப் பேருந்து, தானோட்டிக் கார், தகவல் பரிமாறும் சிக்னல் எல்லாம் இளநிலைப் பாடத்தில் வந்துவிட்டன. காணொளி காட்டினால் மாணவர் பார்ப்பார். ஒரு மதிப்பை மாற்றி, விளைவைக் கையோடு கண்டால்தான் கற்பார். அதற்கு நம் முன்னால் நிற்கும் வழிகள் மூன்று: சுமோ, கார்லா என்ற இரண்டு உருவகப்படுத்தல் மென்பொருள்கள், விஆர் (மெய்நிகர்) ஹெட்செட். இவற்றில் 60 பேர் வகுப்புக்கு சுமோதான் முதலிடம் என்பது எங்கள் தீர்ப்பு.

சுமோ, ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆரில் பிறந்த இலவச, திறமூலப் போக்குவரத்து உருவகப்படுத்தி. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். ஆய்வகத்தின் பழைய கணினியே போதும். அதோடு வரும் ஓஎஸ்எம் வெப் விஸார்டில் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து சாலைகளை எடுக்கும் கருவி) கோரிப்பாளையத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்தால் சாலைகள் தாமாக இறங்கும். இடப்பக்கப் போக்குவரத்துக்கான பெட்டியை டிக் செய்ய மறந்தால் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். மாசி வீதிகளை எடுத்தால் ஒருவழித் தடங்கள் வரைபடத்தில் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று சுமோவின் சாலைத் திருத்தியான நெட்எடிட்டில் பார்த்துவிடுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். இயல்பான அமைப்பில் பைக்குகள் ஒரு தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். நம் ஊரில் எங்கே அப்படி? தடத்தை எத்தனை அகலக் கீற்றுகளாகப் பிரிப்பது என்று சொல்லும் லேட்டரல் ரெசல்யூஷனை 0.8 மீட்டர் என்று வையுங்கள். 3.2 மீட்டர் தடம் நான்கு கீற்றாகப் பிரிந்து, பைக்குகள் பக்கவாட்டில் நுழையும். கணினியில் உருவகப்படுத்தல் மெதுவாக ஓடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதைவிட ஆபத்தானது டெலிபோர்ட். 300 விநாடி நகராமல் நிற்கும் வண்டியைச் சுமோ தூக்கி, அதன் பாதையில் முன்னால் வைத்துவிடும். தான் அமைத்த சிக்னல் நெரிசலைத் தீர்த்துவிட்டதாக மாணவர் நம்பிவிடுவார். டைம் டு டெலிபோர்ட்டை -1 ஆக்கி (அதாவது டெலிபோர்ட்டை நிறுத்தி) இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றி மாற்றி, குறைந்தது பத்து ஓட்டங்களின் சராசரியை எடுப்பதும் கட்டாயம். விஸார்ட் தரும் பயணங்கள் வெறும் தற்செயல் பயணங்கள். மாணவர்களே சந்திப்பில் நின்று, எந்தத் திசைக்கு எத்தனை வண்டி திரும்புகிறது என்று 15 நிமிடக் கணக்காக எண்ணி வந்தால்தான் அது மதுரை மாதிரி ஆகும்.

மின்சாரப் பேருந்துப் பாடமும் இதிலேயே முடியும். பேட்டரி கொள்ளளவின் அலகு வாட்மணி. 250 கிலோவாட்மணி பேட்டரிக்கு 2,50,000 என்று எழுத வேண்டும். 250 என்று எழுதினால் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்ததாக எச்சரிக்கை வரும்.

தானோட்டிக் கார் என்ன பார்க்கிறது என்பதைச் சுமோவால் காட்ட முடியாது. அங்கே கார்லா வேண்டும்: கேமரா, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரி), ரேடார் எல்லாம் உள்ள, அன்ரியல் என்ஜின் என்ற விளையாட்டு மென்பொருள் தளத்தில் ஓடும் திறமூல மென்பொருள். அதன் 0.9 வரிசைப் பதிப்புகளுக்குக் குறைந்தது 6 ஜிபி, வசதியாக ஓட 8 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு தேவை. ஷேர் ஆட்டோவும் குறுக்கே வரும் மாடும் அதன் நகரங்களில் கிடையாது. ஆசிரியர் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: மழையைக் கூட்டினால் கேமராப் படம் மங்கும், லைடார் புள்ளிகள் மாறாது. லைடாருக்கு மழை ஒரு பொருட்டல்ல என்று மாணவர் தவறாக முடிவு கட்டுவார். காற்றில் ஒளி எவ்வளவு மங்கும் என்று சொல்லும், லைடாரின் அட்மாஸ்ஃபியர் அட்டென்யுவேஷன் ரேட் மதிப்பைக் கையால் கூட்டினால்தான் சமிக்ஞை வலுவிழக்கும்.

விஆர் ஹெட்செட் வாங்கத்தான் பலருக்கும் ஆசை. கணக்குப் போடுங்கள்: ஒரே செட், ஆளுக்கு 10 நிமிடம், 60 பேர் என்றால் 10 மணி நேரம். உடல் அசையாமலிருக்கக் கண்முன் கார் ஓடுவதால் சிலருக்குக் குமட்டும். பாதசாரியின் இடத்தில் நின்று தானோட்டிக் காரின் முன் சாலையைக் கடந்து பார்ப்பது போன்ற ஒரே ஒரு பயிற்சிக்கு அது அருமையான கருவி. முழுப் பாடத்துக்கும் அல்ல.

ஹெட்செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள ஒரு கணினி வாங்குங்கள். அதில் கார்லா சர்வரை ஓட்டி, மற்றக் கணினிகள் 2000-ஆம் போர்ட் வழியாக இணையலாம். இரு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். சர்வர் கட்டளைக்குக் காத்திருந்து ஒவ்வொரு படியாக நகரும் சின்க்ரனஸ் முறையில், அடுத்த படிக்கு நகரச் சொல்லும் டிக் கட்டளையை ஒரு கணினி மட்டுமே அனுப்ப வேண்டும். இரண்டு அனுப்பினால் உருவகப்படுத்தலின் நேரம் எல்லாருக்கும் குழம்பிவிடும்.