ஈறு எலும்பு கிராஃப்ட்: நாலு வருஷத்துக்கு அப்புறம் எப்படி இருக்கிறது?

எனக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றின் பின்பக்கம் எலும்பு கரைந்து 8 மி.மீ. பாக்கெட், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அவ்வளவு ஆழமான இடைவெளி. ஈறு நன்றாக இருந்தால் இது 3 மி.மீ.க்குள் நிற்கும். பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைக்கலாம் என்றார் முதலில் பார்த்த டாக்டர். ஈறு நிபுணரோ, "பள்ளம் செங்குத்தாக இறங்கியிருக்கிறது, மூன்று பக்கமும் எலும்புச் சுவர் இருக்கிறது, எலும்பை வளர்த்துப் பார்க்கலாம்" என்றார். இப்படிப் பள்ளமாக இல்லாமல், எலும்பின் மட்டம் சுற்றிலும் சமமாகக் குறைந்திருந்தால் இதில் பெரிய பலன் கிடையாது. உங்களுக்கு எந்த வகை என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதலில் டீப் கிளீனிங், அதாவது ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வது. அதற்கும் ஆழம் குறையாததால்தான் சர்ஜரி. ஈறைத் திறந்து, வேரைச் சுரண்டி, எலும்புத் தூள் நிரப்பி (இதுதான் கிராஃப்ட்), மேலே கொலாஜன் சவ்வை மூடித் தைத்தார்கள். ஈறுத் தோல் வேகமாக வளர்ந்து பள்ளத்துக்குள் இறங்கிவிடும். எலும்பும் பல்லைப் பிடிக்கும் நாரும் மெதுவாகத்தான் வரும். அதுவரை தோலைத் தடுத்து வைப்பதுதான் சவ்வின் வேலை. தூள் பெரும்பாலும் மாட்டு எலும்பு, சவ்வு பன்றியிலிருந்து எடுப்பது. ஆகாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், செயற்கைத் தூளும் உண்டு.

வலி பெரிதாக இல்லை. குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷ்தான் படுத்திவிட்டது. ரசத்தில் உப்பு இருக்கிறதா என்றே நாக்குக்குத் தெரியவில்லை. பல்லில் பழுப்புக் கறை வேறு. அது பிறகு கிளீனிங்கில் போய்விட்டது.

ஆறு மாதம் வரை ப்ரோப் (ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி) விட்டு அளக்கவே இல்லை. அளந்தபோது 4 மி.மீ. எக்ஸ்ரேயிலும் பள்ளம் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்து நான் குஷியானபோது, தூளே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் தெரியும், அளவையும் ரத்தக் கசிவையும் பாருங்கள் என்றார் டாக்டர்.

இன்றும் 4 மி.மீ.தான், ரத்தம் வருவதில்லை. ஆனால் ஈறு சற்று இறங்கி வேர் தெரிகிறது. ஐஸ் வாட்டர் பட்டால் கூசும், கீரையும் தேங்காய்த் துருவலும் போய் அடைத்துக்கொள்ளும். தினமும் ராத்திரி பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் இன்டர்டென்டல் பிரஷ், மூன்று மாதத்துக்கு ஒரு கிளீனிங். இந்தச் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், எலும்பைத் தக்கவைத்திருப்பது சர்ஜரியைவிட இந்த பிரஷ்தான்.

எதிர்ப்பக்கப் பல்லுக்கும் செய்யலாமா என்று கேட்டேன். வேர் பிரியும் இடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்டை விழுந்திருக்கிறது, கிராஃப்ட் அங்கே பலன் தராது என்று மறுத்துவிட்டார். அதைச் சுத்தம் செய்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.