"நோ"வை விழுங்கும் மைக்: இரண்டு வருட அனுபவம்

என்னோடு ரேடியாலஜி எம்டி படித்த தோழி போன வாரம் கேட்டாள்: "உங்க ஆஸ்பத்திரியில புது பேக்ஸ் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சே, வேலை குறைஞ்சுதா? நாங்களும் வாங்கலாமா?" பேக்ஸ் என்பது ஸ்கேன் படங்களைச் சேமித்து வைத்துத் திரையில் காட்டும் கணினி அமைப்பு. போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய படத்தைத் தேடி அலைகிற வேலை போயே போய்விட்டது. நுரையீரலில் 7 மி.மீ. முடிச்சு ஒன்று தெரிந்தால், அது போன வருடமும் இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் நோயாளியின் பையில் ஃபிலிம் இருக்கிறதா என்று ஆள் அனுப்பிக் கேட்டு, முந்நூறு படங்களை நானே தள்ளித் தள்ளி ஒப்பிட வேண்டும். இப்போது கேஸைத் திறந்ததுமே பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம், ஒன்றை நகர்த்தினால் மற்றதும் அதே மட்டத்தில் வந்து நிற்கிறது. மணிக்கட்டு வலிகூடக் குறைந்திருக்கிறது.

ஆனால் அதோடு வந்த டிக்டேஷன், அதாவது மைக்கில் நாம் சொல்வதைத் தானே ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்கிற வசதி! நம் ஆங்கில உச்சரிப்பைப் பிடிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டது, அது பரவாயில்லை. "நோ" என்ற சொல்லை இன்றுவரை விழுங்குகிறது. "நோ ஹெமரேஜ்" (ரத்தக்கசிவு இல்லை) என்று சொன்னால் திரையில் "ஹெமரேஜ்" மட்டும் நிற்கும். மற்ற பிழைகள் கண்ணை உறுத்தும், இது உறுத்தவே உறுத்தாது. ஒரு நைட் டியூட்டியில், கீழே விழுந்த பெரியவர் ஒருவரின் தலை சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் காசுவாலிட்டியிலிருந்து போன்: "மேடம், ப்ளீட் எங்க இருக்கு? எங்களுக்குத் தெரியலையே." அவர்கள் படத்தைத் திறந்து பார்த்ததால் தப்பித்தோம்.

கம்பெனிக்காரர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார்கள். நானே ஒரு வழி செய்துகொண்டேன்: "ஹெமரேஜ் இஸ் ஆப்சென்ட்" என்கிறேன். கடைசிச் சொல் தவறினால் வாக்கியம் பாதியில் நிற்கும், தெரிந்துவிடும். அப்படியும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இரண்டு முறை படிக்கிறேன், பேக்ஸ் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரமெல்லாம் அதிலேயே போகிறது. படம் பார்த்த களைப்பு தூங்கினால் சரியாகிவிடும். ராத்திரி ஒரு மணிக்கு, அந்த வயிற்று சிடியில் "நோ" இருந்ததா என்று எழுந்து உட்கார்ந்தால் தூக்கம் எங்கே வரும்?

அதனால் இந்த வாரம் கேட்டால், வாங்காதே என்றுதான் சொல்வேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டைப்பிஸ்ட்டை மட்டும் வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். எங்களிடம் இருந்தவர், எங்கேயாவது ஒரு "நோ" குறைகிற மாதிரி தெரிந்தால் கதவைத் தட்டி உள்ளே வந்துவிடுவார்: "மேடம், இதுல ப்ளீட் இருக்குன்னா சொன்னீங்க?"